பிழையில்லாத மாப்பிள்ளை

எனக்குத் தற்பெருமை அதிகம். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. இதையும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் அடக்கம் என்ற குணம் யாருக்கும் வாய்க்கவில்லை. அம்மா தன் வடையின் அருமையைச் சொல்லி முடிப்பதற்குள் வடை ஆறிவிடும். அப்பா ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் மெஷின் பார்த்தவர். ஆனால் அவர் சொல்வதைக் கேட்டால், கியூபெக் மாகாணம் தேநீரோடு எதையாவது கடிக்க முடிவதே அவரால்தான் என்று தோன்றும்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு, தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வதைக் கூட அசிங்கம் என்று நினைக்கும் ஒருவர் பெண் பார்க்க வந்தால் என்ன நடக்கும்? தீயணைப்புப் படை வரும். உண்மையாகவே வந்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தேழு வயது. மொன்றியலை அடுத்த லொங்குய்யில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில், தொலைபேசியில் வரும் கோபக்காரர்களைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சமாதானப்படுத்துவது என் வேலை. (எப்போதாவது தமிழர் யாராவது எடுத்துவிட்டால் அவரை மட்டும் சமாதானப்படுத்த முடியாது.) அதற்கு முன் என்னைப் பார்க்க வந்த ரொறொன்ரோ மாப்பிள்ளை ஒருவர், "பிள்ளை கொஞ்சம் கூடக் கதைக்குது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் குறை சொன்னதில் எனக்குக் கவலையில்லை. "கொஞ்சம்" என்று சொன்னதுதான் பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் புரோசார்ட்டில் இருந்த சந்திரா அன்ரி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். அம்மாவுக்குக் கோயிலில் பழக்கமானவர்.

"என்ர அக்காவின்ர மகன் கஜன். பன்ரெண்டு வயசில சுவீடனுக்குப் போனவன். இப்ப பெரிய இஞ்சினியர். அங்கத்தைய பாலமெல்லாம் அவன்தான் கட்டினவன்."

"எல்லாப் பாலமுமோ?" என்று கேட்டார் அப்பா.

சந்திரா அன்ரி ஒரு கணம் யோசித்தார். "முக்காவாசி."

பெப்ரவரியில் கஜன் சித்தி வீட்டில் இரண்டு கிழமை நிற்க வருகிறார் என்றும், ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவார்கள் என்றும் முடிவாயிற்று. நாலு மணிக்கு வாங்கோ என்றால் ஐந்தரைக்கு வரவேண்டும் என்பது எங்கள் ஆட்களில் பால்குடி முதல் பல்லுப் போனவர் வரை எல்லோருக்கும் தெரியும். சுவீடன்காரர்களுக்குத் தெரியாது.

நாலு மணிக்கு நான் பழைய டீசேர்ட்டோடு, முகம் முழுக்கக் கடலைமாவும் மஞ்சளும் பூசிக்கொண்டு நின்றேன். அம்மா குசினியில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணிக்குப் பால் வாங்க அப்பாவை மூலைக் கடைக்கு அனுப்பியிருந்தோம். மணி அடித்தது. அப்பா வழக்கம்போலத் திறப்பை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்து, கதவைத் திறந்து கையை நீட்டினேன்.

"பால் எங்க?"

வாசலில் கறுப்புக் கோட்டுப் போட்ட நெடிய மனிதர் ஒருவர் நின்றார். புருவத்தில் பனி. கையில் பூங்கொத்து. நீட்டிய என் கையையும் பிறகு என் மஞ்சள் முகத்தையும் பார்த்தார்.

"வணக்கம். பால் கொண்டுவரேல்லை. மன்னிக்கவேணும்."

நான் கதவை அறைந்து சாத்தினேன்.

"ஆரடி அது?" என்று குசினியிலிருந்து அம்மா கேட்டாள்.

"ஒருத்தருமில்லை," என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் ஓடினேன். மைனஸ் இருபது பாகைக் குளிரில் ஒரு மாப்பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு முகம் கழுவிய பெண் இந்த நகரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் மறுபடி மணி அடிக்கவில்லை. ஒரு முறை அடித்தாயிற்று, இரண்டாம் முறை அடிப்பது வீட்டுக்காரரை நெருக்குவது ஆகிவிடுமாம். பேந்துதான் இது எனக்குத் தெரியவந்தது.

பார்க் எக்ஸ்டென்சனில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. தெருவிலிருந்து பல்கனி வரை வெளியே ஓர் இரும்புப் படி ஏறும். பாலோடு அந்தப் படியில் ஏறிவந்த அப்பா, பல்கனியில் ஒரு மனிதர் உறைந்துகொண்டிருப்பதைக் கண்டார்.

"தம்பி ஆர்?"

"கஜன். கதவு திறந்தது. பேந்து பூட்டினது."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு முறைப்பாடும் இல்லை. (அவருடைய சித்தி கீழே காரில் சூடு போட்டுக்கொண்டு இருந்தார். நாலு மணி என்றால் என்னவென்று தெரிந்தவர். ஐந்துக்கு முன் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். கஜன் நாலுக்கு முந்தியே வந்து, முந்தி வருவதும் மரியாதையில்லை என்று, நாலாகும் வரை நடைபாதையில் நின்றிருக்கிறார்.)

உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றியபடி அவர் அப்பாவிடம் சொன்னார்: "அங்கிள், உங்கட படி ஒருக்காப் பார்க்கவேணும் போல கிடக்கு."

"பாருங்கோ, பாருங்கோ. வடிவான படி. போன கோடையிலதான் பச்சைப் பெயின்ற் அடிச்சது," என்றார் அப்பா பெருமையாக, தானே அடித்ததுபோல. அடித்தது வீட்டுக்காரன்.

நான் சேலை கட்டி, முகத்தில் மஞ்சள் எதுவும் மிச்சமில்லை என்று பலமுறை உறுதி செய்துகொண்டு வெளியே வந்தபோது சந்திரா அன்ரியும் மேலே வந்திருந்தார். விசாரணை தொடங்கியிருந்தது.

"அப்ப தம்பி, பாலம் கட்டுறனீங்கள்?" என்று கேட்டார் அப்பா.

"இல்லை. பாலம் பார்க்கிறனான்."

"பார்த்து?"

"பழுது கிடந்தாச் சொல்லுவன்."

"சொன்னாப்போல?"

"மற்றவை திருத்துவினம்."

அப்பா சந்திரா அன்ரியைப் பார்த்தார். அன்ரி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "அவன் சும்மா சொல்லுறான் அண்ணை. அவனுக்குக் கீழ நாப்பது பேர் வேலை செய்யினம்."

"கீழ இல்லை சித்தி. பக்கத்தில," என்றார் கஜன்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு பாலத்தின் பக்கத்தில் நாற்பது பேர் வேலையில்லாமல் வரிசையாக நின்று அதை அண்ணாந்து பார்ப்பது அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது.

அம்மா பேச்சை மாற்ற முயன்றாள். "அங்கயும் சரியான குளிரோ தம்பி?"

கஜன் வாயைக் கொஞ்சம் திறந்து, 'ஸ்ஹூப்' என்று மூச்சை உள்ளே இழுத்தார். அம்மா திடுக்கிட்டாள். "அம்மா சுகமோ?" என்று கேட்டாள். மறுபடியும் 'ஸ்ஹூப்'. சுவீடனின் வடக்கே ஓம் என்பதை அப்படித்தான் சொல்வார்களாம், வாய் திறந்து ஒரு சொல்லை வீணாக்காமல் மூச்சிலேயே முடித்துவிடுவார்களாம். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? அம்மா எழுந்து போய்த் தைலப் போத்தலைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். அவர் அதை ஏதோ எங்கள் வீட்டு வழக்கம் என்று நினைத்து, நன்றி சொல்லி, கையில் எடுத்துப் பார்த்து, "நல்ல போத்தல்" என்றார்.

பிறகு என் முறை. நான் ஆயத்தமாகவே இருந்தேன். என் மூன்று மொழிகளைச் சொன்னேன். அலுவலகத்தில் என்னைப் பற்றி மேலாளர் சொன்ன நல்ல வார்த்தைகளை, அவர் சொல்ல மறந்தவற்றையும் சேர்த்து, சொன்னேன். பனியில் கார் ஓட்டும் திறமையைச் சொன்னேன். சொல்லி முடித்து அவரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அவருடைய ஊரில் ஒருவர் பேசி முடித்தால், உண்மையாகவே முடித்துவிட்டாரா என்று சற்று நேரம் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்தவர் வாய் திறப்பாராம். எங்கள் வீட்டிலோ ஒருவர் பேசி முடிக்கும்போது மற்றவர் பாதி தூரம் போயிருப்பார். அந்த மௌனத்தை நான் திருப்தியின்மை என்று எடுத்துக்கொண்டேன். ஆகவே இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். மறுபடி மௌனம். இன்னும் கொஞ்சம். கடைசியில் எனக்கு வீணை வாசிக்கத் தெரியும் என்று சொன்னேன்.

எனக்கு வீணை தெரியாது. எங்கள் வீட்டில் வீணை இருந்ததே கிடையாது.

அம்மா ஒரு நொடி என்னைத் திகைத்துப் பார்த்தாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, "நல்லா வாசிப்பா," என்றாள்.

கஜன் நிறைய நேரம் காத்திருந்தார். பிறகு, "நல்லது," என்றார்.

அடுத்து வந்தது சாப்பாடு. இங்கேதான் இரண்டு நாகரிகங்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. சுவீடனில் தட்டில் விழுந்ததை மிச்சம் விடக்கூடாது. மிச்சம் விட்டால் சமைத்தவருக்கு அவமரியாதை. எங்கள் வீட்டில் தட்டு வெறுமையானால் அதை உடனே நிரப்பவேண்டும். நிரப்பாவிட்டால் வந்தவருக்கு அவமரியாதை. அம்மா றோல்ஸ் வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்தார். அம்மா மறுபடி வைத்தாள். "வேண்டாம் அன்ரி, காணும்," என்றார். சுவீடனில் ஒருமுறை வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். எங்களிடம் முதல் வேண்டாம் வெறும் முகவுரை. அம்மா இன்னும் இரண்டு வைத்தாள். அவரும் முகம் மாறாமல் முடித்தார். வெறும் தட்டைக் கண்டதும் அம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கட்லட் வந்தது. வடை வந்தது. கஜனின் நெற்றியில் வேர்வை அரும்பத் தொடங்கியது.

தட்டத்தில் கடைசி வடை ஒன்று மிஞ்சியபோது அவர் கத்தியை எடுத்து அதைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டார். அம்மா அந்தப் பாதியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதையும் பாதியாக வெட்டினார். கடைசித் துண்டை எடுப்பவர் பேராசைக்காரர் என்று அவருடைய ஊரில் கணக்கு. வடை சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்த பிறகும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

"சாப்பாடு எப்படித் தம்பி?" என்று கேட்டாள் அம்மா. இரண்டு நாள் நின்று சமைத்தவள். ஜான்-டலோன் சந்தையில் ஒவ்வொரு மிளகாயாகப் பொறுக்கியவள்.

கஜன் யோசித்தார். நேர்மையாக, ஆழமாக யோசித்தார்.

"பிழையில்லை," என்றார்.

அவர் "கொஞ்சம் காற்று வேணும்" என்று மெதுவாக எழுந்து பல்கனிக்குப் போனார். அம்மா என்னையும் அப்பாவையும் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"பிழையில்லையாம். பிழை பிடிக்கவோ வந்தவர்?" என்றாள் மூச்சு வாங்க. "ஆளுக்கு இழுப்பு வருத்தம் வேற. மறைச்சுப்போட்டினம்."

"உத்தியோகமும் இல்லை," என்றார் அப்பா. "பாலத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாராம். அதை நானும்தான் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில பார்க்கிறன்."

"நான் போய்ச் சொல்லிவிடுறன்," என்றேன். எனக்கு நியாயமான கோபம் இருந்தது. நான் வீணை வரைக்கும் போயிருக்கிறேன். மனிதர் "நல்லது" என்று ஒரு சொல்லோடு முடித்துவிட்டார்.

சேலைக்கு மேல் ஜாக்கெட்டும், காலில் பனிச் சப்பாத்துமாகப் பல்கனிக்குப் போனேன். கஜன் முழங்காலில் இருந்து, படியின் மேல்பக்கம் பல்கனியோடு சேரும் இடத்தில் பனியைக் கையால் விலக்கிக்கொண்டிருந்தார்.

"வீணை எங்க வைச்சிருக்கிறீங்கள்?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"வீணை இல்லை," என்றேன். பொய்யைத் தொடர எனக்கே களைப்பாக இருந்தது.

'ஸ்ஹூப்'. "நினைச்சனான். ஆனா நீங்கள் சொன்ன விதம் எனக்கு ஆசையாய் இருந்தது. எங்கட ஊரில ஒருத்தர் தன்னைப் பற்றி நல்லதாய் ஒரு வசனம் சொன்னா, மற்றவை யன்னலுக்கு வெளியில பார்ப்பினம். எனக்குச் சொல்லவே வராது."

"மற்றவையைப் பற்றியும் வராதோ? அம்மா ரெண்டு நாளாச் சமைச்சவ. பிழையில்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டீங்கள்."

அவர் உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "அதுக்கு மேல எங்களிட்டச் சொல் இல்லை."

நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் படியைக் காட்டினேன். "அப்ப இந்தப் படி? பார்க்கவேணும் போல கிடக்கு எண்டு அப்பாட்டச் சொன்னீங்கள்."

"ஓம். அவ்வளவு நல்லாயில்லை."

"எவ்வளவு நல்லாயில்லை?"

அவர் தயங்கினார். ஒரு விருந்தாளி வீட்டுக்காரரின் படியைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம் என்று கணக்குப் பார்த்தார் போலும். "நான் எண்டா இனி இதில காலை வைக்கமாட்டன்," என்றார்.

பச்சைப் பெயின்ற்றுக்குக் கீழே ஆணி இருக்கவேண்டிய இடத்தில் துருத் தூள் மட்டும் இருந்ததை அவர் விரலால் காட்டினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனிதர் பொய்யே சொல்லவில்லை. எல்லாவற்றையும் கீழே இறக்கிச் சொல்கிறார். நாங்கள் எல்லாவற்றையும் மேலே ஏற்றிச் சொல்கிறோம். இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போதும். அந்த வேலைக்கு மொன்றியலில் என்னைவிடத் தகுதியானவர் யார்?

"அப்ப நான் எப்படி?" என்று கேட்டேன். (இப்படிக் கேட்கும் அளவுக்கு எனக்கு வெட்கம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.)

அவர் காது சிவந்தது. குளிராகவும் இருக்கலாம். வழக்கமான மௌனம். இந்த முறை நான் அதை நிரப்பவில்லை. என் வாழ்க்கையில் நான் பேசாமல் நின்ற மிக நீண்ட நேரம் அது.

"பிழையில்லை," என்றார்.

நான் உள்ளே ஓடி எல்லோரையும் கூப்பிடத் திரும்பினேன். அதற்குள் அப்பாவே வந்துவிட்டார். யன்னலுக்குப் பின்னால் நின்று, படியைப் பற்றிய பகுதியை மட்டும் கேட்டிருக்கிறார்.

"என்ர படிக்கு என்ன குறை? பார்," என்று சொல்லி, கஜன் "அங்கிள், ஒரு நிமிசம்" என்று சொல்வதற்குள், முதல் படியில் இரண்டு காலாலும் ஏறி ஓங்கி மிதித்தார்.

இரும்பு கிழியும் சத்தம் தெரு முனை வரை கேட்டிருக்கும். படி பல்கனியை விட்டுக் கழன்று, மெதுவாக, கிட்டத்தட்ட மரியாதையோடு, சாய்ந்துபோய்க் கீழே பனிக் குவியலில் விழுந்தது. அப்பா விழவில்லை. கஜன் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அப்பாவின் இடுப்புப் பட்டியையும் பிடித்திருந்தார். அப்பாவின் கால்கள் வெறும் வெளியில் சைக்கிள் ஓடின. நான் அப்பாவின் ஸ்வெட்டரைப் பிடித்தேன். இருவருமாக இழுத்து மேலே போட்டோம்.

"கொஞ்சம் சிக்கலாப் போச்சு," என்றார் கஜன்.

பின்பக்கப் படியை வீட்டுக்காரன் தன் பழைய சாமான்களால் அடைத்து வைத்திருந்தான். இறங்க வழியில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி தொலைபேசி எடுக்க, தீயணைப்பு வண்டி சங்கு ஊதிக்கொண்டு வந்தது. தெரு முழுக்க ஆட்கள். பெண் பார்க்க வந்த வீட்டிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் சித்தியும் ஏணியில் இறங்குவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? சந்திரா அன்ரி காஞ்சிபுரத்தோடு ஒரு தீயணைப்பு வீரரின் தோளைப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி இறங்கினார்.

அம்மா மட்டும் இறங்க மறுத்தாள். மேலே ஏறிவந்த இரண்டு தீயணைப்பு வீரர்களும் எதுவும் சாப்பிடாமல் போகக்கூடாது என்பது அவள் நிபந்தனை. அவர்களில் மூத்தவர், மீசை வைத்த கியூபெக்காரர், ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்து, மெதுவாக மென்று, தலையை ஆட்டினார்.

"பா பீர்," என்றார்.

"என்னவாம்?" என்று அம்மா பல்கனியிலிருந்து கீழே நின்ற என்னைக் கேட்டாள். பா பீர் என்றால் மோசமில்லை என்று அர்த்தம். கியூபெக்காரர் அதைச் சொல்வது ஒன்று மிகவும் பிடித்துப்போனால்தான். ஏழு வருடம் தொலைபேசியில் அவர்களோடு மல்லுக்கட்டியவளுக்கு அது தெரியாதா?

"பிழையில்லையாம் அம்மா," என்று கத்தினேன். "இங்கயும் அதுக்கு மேல சொல் இல்லை."

அந்த மீசைக்காரர் இன்னும் இரண்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மா அதைப் பார்த்தாள். பிறகு கீழே பனியில் நின்ற கஜனைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததை ஒரு மாடி தூரத்திலிருந்தும் என்னால் காண முடிந்தது. நான் பக்கத்தில் நின்றவரிடம் மீசைக்காரர் சொன்னதை விளக்கினேன். சொந்த ஊர்க்காரனைக் கண்டதுபோல அவர் மேலே அண்ணாந்து பார்த்தார்.

ஆனால் அன்றைய வெற்றி முழுவதும் அப்பாவினுடையது. தீயணைப்பு அதிகாரி படியின் துருப்பிடித்த முனையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உங்களை யார் பிடித்தது என்று அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு, தொழிற்சாலையில் பழகிய நாற்பது சொற்கள். அவற்றில் எப்படியோ இந்த ஒன்றும் இருந்திருக்கிறது. கஜனின் தோளில் கையைப் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, தெரு முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"மொன் ஜாந்த்ர்." என் மருமகன்.

பிறகு, சுவீடனின் பாலம் எல்லாம் இவர்தான் கட்டினார் என்று கையால் காட்டத் தொடங்கினார். முக்கால்வாசி என்ற கஞ்சத்தனம் எல்லாம் அப்பாவிடம் இல்லை.

கஜன் மறுக்க வாய் திறந்தார். நான் காலால் அவர் சப்பாத்தை மிதித்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். எங்கள் திருமணம் அங்கேயே நடந்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன். கோயிலில் நடந்தது ஊருக்காக.

அடுத்த ஆண்டே அவர் மொன்றியலுக்கு வந்துவிட்டார். தீவுக்குள் இருக்கும் நகரம். பார்ப்பதற்குப் பாலங்களுக்குப் பஞ்சமில்லை. அம்மா இன்றும் அவர் தட்டை நிரப்புகிறாள். நான் பக்கத்திலிருந்து "இது உண்மையான வேண்டாம்" என்று மொழிபெயர்க்கிறேன்.

அப்பா மட்டும் கதையை மாற்றிவிட்டார். எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், தான் அன்று படியில் குதித்தது வேண்டுமென்றேதான் என்கிறார். மாப்பிள்ளைக்குக் கை பலமா என்று சோதித்துப் பார்க்காமல் மகளைக் கொடுக்க முடியுமா என்கிறார். போன கோடையில் என் சிநேகிதியின் மகளுடைய கலியாணத்திலும் அதையே சொல்லி, சுற்றி நின்றவர்கள் நம்பாததால், கையில் கோப்பித் தட்டோடு போன என் கணவரை இழுத்து நிறுத்தினார்.

"நீங்களே சொல்லுங்கோ தம்பி. அண்டைக்கு நடந்தது என்ன?"

என் கணவர் யோசித்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"மாமா கொஞ்சம் பாரம்தான்," என்றார்.

கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று. திருமணமான இத்தனை வருடத்தில், அந்தப் பாரத்தை ஒற்றைக் கையால் பிடித்தவர் தன்னைப் பற்றி அடித்துக்கொண்ட ஒரே தம்பட்டம் அதுதான். அது தம்பட்டம் என்று அங்கே எனக்கு மட்டும்தான் விளங்கியது.